அண்ணனின் கல்லோடு ஓர் ஆற்றங்கரை ஊருக்கு

சூட்கேஸின் சக்கரம் அந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கழன்று விழுந்தது. மெல்பேர்னிலிருந்து அதுவரை தாங்கியதே பெரிய காரியம். உள்ளே என் உடுப்புகளுக்கு நடுவில், அக்காவின் பழைய கம்பளிச் சால்வைக்குள் ஒரு கறுப்புக் கல் இருந்தது. அண்ணனின் கல்லறையில் நாட்டுவதற்காகச் சிட்னியில் செய்வித்த கல். முகம் பார்க்கக்கூடிய அளவுக்கு மெருகேற்றியிருந்தார்கள். மேலே முட்டை வடிவத்தில் அண்ணனின் படம். கீழே பொன் நிறத் தமிழ் எழுத்தில் பாக்கியநாதன் என்ற பெயர், அதன் கீழ் 'இறைவனில் இளைப்பாறுகிறார்' என்று ஒரு வரி.

அண்ணன் இறந்தது மாசி மாதத்தில். அப்போது நான் முதுகு ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சிட்னிப் பக்கம் பிளாக்டவுனில் இருக்கும் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. வாரத்தில் மூன்று நாள் மிஷினோடு படுக்க வேண்டும், அதனால் விமானப் பயணம் கிடையாது. இங்கிலாந்தில் நடந்த அடக்கத்தை அவர் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார்.

"குடைதான் தெரிஞ்சது. பெட்டியும் தெரியேல்ல, குழியும் தெரியேல்ல. ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர முதுகைப் பாத்து அழுதனான்" என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

எங்கள் தாயும் தகப்பனும் இளம் வயதிலேயே போய்விட்டார்கள். அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். கல்லை என் கையில் தரும்போது அவர் சொன்னது இதுதான்: "ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு நடுவில அவன் முகமில்லாமக் கிடக்கிறான், செபா. நீ போய் அவன்ர முகத்தை வைச்சிட்டு வா. ஆத்துமாக்கள் திருநாளில எனக்கு அதைக் காட்டு."

ஆத்துமாக்கள் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் நாங்கள் அன்றைக்குக் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போவோம். எங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் ஆள் கிடக்கும் இடம், நாங்கள் செய்வோம்.

சக்கரம் கழன்ற சூட்கேஸோடு நான் நின்றபோது, நாயோடு ஒரு வயதான மனிதர் வந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சூட்கேஸைப் பார்த்தார்.

"சக்கரம்" என்றார்.

"ஆம்" என்றேன்.

"மழை வரும்போல இருக்கிறது" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் சூட்கேஸின் மறுபக்கத்தைத் தூக்கினார். பாலம் தாண்டி, கோயில் தாண்டி, அண்ணனின் கடை வாசல் வரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் சுமந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே என்ன இப்படிக் கனக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. மெல்பேர்னில் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் என் ஊர், தொழில், பிள்ளைகள், பெட்டிக்குள் இருப்பது எல்லாம் கேட்டு, ஒரு பகிடியும் விட்டு, முதுகில் தட்டியிருப்பார்கள்.

நான் பேச்சுக் குறைந்தவன். மெல்பேர்னின் டண்டினோங்கில் மரக்கறி கழுவிப் பொதி செய்யும் இடத்தில் பதினாறு வருடமாக வேலை. மத்தியானச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், அவ்வளவுதான். அந்த ஊரில் ஐந்து நாள் இருந்தேன். ஊர் முழுவதும் என்னைப் போன்றவர்களால் நிறைந்திருப்பதைக் கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூச்சப்படுகிற ஆட்களுக்கென்று யாரோ கட்டிய ஊர் போல.

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மச்சாள் சொல்லிவிட்டார். அண்ணனின் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சாள் என்றுதான் அழைப்போம். அவர் பெயர் றீற்றா.

ஒரே ஒரு தெரு. வீடுகள் எல்லாம் கல் வீடுகள், வெளிறிய தேயிலைச் சாயத்தில் நனைத்தெடுத்த துணியின் நிறம். வாசல்கள் பதிவு, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தெரு முடிகிற இடத்தில் ஆறு. தேம்ஸ்தான், ஆனால் லண்டனில் பார்க்கிற தேம்ஸ் இல்லை. இந்தக் கரையிலிருந்து பேசினால் அந்தக் கரையில் கேட்கும். பச்சையும் மண்ணிறமும் கலந்த தண்ணீர், போகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகம். கரையோரம் ஒடுங்கிய நீளப் படகுகள் கட்டியிருந்தன. அதற்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சிறு புகைபோக்கிகளிலிருந்து விறகுப் புகை வந்தது. பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். எதிரில் வருபவர் நின்று வழிவிடுவார், போகிறவர் ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் அங்கே நன்றி. கை முழுவதையும் தூக்கினால் அதிகம்.

மெல்பேர்னில் யாரா ஆற்றங்கரையில் ஆட்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே ஆற்றைப் பார்ப்பதற்கென்று கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடை ஊருக்கு ஒன்றுதான். பாண், பால், பத்திரிகை, முத்திரை, நாய்த்தீன் எல்லாம் அங்கே. மச்சாள் கம்பளித் தொப்பியோடு கல்லாவுக்குப் பின்னால் நின்றார்.

"வந்திட்டியளோ தம்பி? உதைக் கதவுக்குப் பின்னால வையுங்கோ, ஆக்கள் தடக்குப்படுவினம்" என்றார். பிறகு நாய்க்காரரிடம், "நன்றி, கொலின்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொலின் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாடு குசினியில், தகரத்தில் அடைத்து வரும் ரின் மீன் கறியும் பாணும்.

"ஆத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு ரின் மீனோ மச்சாள்?"

"இஞ்ச மீன் பிடிக்கிறவை நிறைய. பிடிச்சு, நிறுத்து, படம் எடுத்துப்போட்டுத் திரும்பத் தண்ணியில விட்டிடுவினம்."

"ஏன்?"

"உங்கட அண்ணரும் அதைத்தான் கேட்டவர். வந்த நாளில இருந்து சாகும் வரைக்கும் கேட்டவர்" என்றார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

கல்லை எடுத்துக் காட்டினேன். படத்தில் விரலை வைத்துத் துடைத்தார், தூசி ஒன்றும் இல்லை. "வடிவாச் செய்திருக்கினம்" என்றார். "கல்லைப்பற்றிப் பிறகு கதைப்பம், தம்பி. களைச்சுப்போய் வந்திருக்கிறியள்."

மறுநாள் காலை மச்சாள் பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நான் தனியாகக் கோயிலடிக்குப் போனேன். சதுரக் கோபுரம் வைத்த பழைய கோயில். அது எங்கள் சபை இல்லை, ஆங்கிலேயத் திருச்சபை. ஊரில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும், எந்தச் சபையாக இருந்தாலும், அந்த ஊர்க் கோயில் வளவில் அடக்கம் பண்ணலாம் என்பது அங்கே வழக்கம். வளவு ஆற்றை நோக்கிச் சரிந்து போகிறது. பனி மூட்டத்தில் ஆறு தெரியவில்லை, தாரா கத்துவது மட்டும் கேட்டது.

அண்ணனின் இடம் மதிலோரமாக இருந்தது. மண் அமர்ந்து புல் வந்துவிட்டது. தலைமாட்டில் ஒரு சிறிய மரச் சிலுவை. அதில் ஒரு தகட்டில், ஊரார் கூப்பிட்ட பெயர்: நேதன். ஜாம் போத்தல் ஒன்றில் சிவப்புக் காய்களோடு ஒரு கொப்பு வைத்திருந்தது. நான் முழந்தாளிட்டேன். அழுகை வரும் என்று பயந்து வந்தவன். வரவில்லை. புல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான் அப்போது தெரிந்தது.

திரும்பி வந்து கொப்பைப் பற்றி மச்சாளிடம் கேட்டேன். "ஆரோ வைக்கினம். கிழமைக்குக் கிழமை மாறும். ஆரெண்டு நான் கேக்கேல்ல" என்றார்.

அன்று முற்பகல் தபால் வண்டிக்காரரோடு பொதிகளை எடுக்க மச்சாள் பின்பக்கம் போயிருந்த நேரம், கடைக்கு வந்தவர்களுக்குக் கல்லைக் காட்டினேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

"மிகவும் நேர்த்தியான வேலை" என்றார் ஒரு பெண்.

"நல்ல கறுப்பு" என்றார் இன்னொருவர்.

கொலின் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நேதனேதான்" என்றார். "இதை எங்கே வைப்பதாக எண்ணம்?"

"கல்லறையில்."

"ஆ" என்றார். நாயைப் பார்த்தார். "ஹெலனிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தால் நல்லதாக இருக்கலாம்." பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹெலன் அந்தக் கோயிலின் குரு. அவரிடம் ஒரு மரியாதைக்குச் சொல்லச் சொல்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஊருக்கே கேட்கும்படி 'வேண்டாம்' என்பார்கள். இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே. எல்லோரும் நல்லது என்றுதானே சொன்னார்கள்?

இரவு அக்கா போன் எடுத்தார். "சீமெந்து வாங்கிட்டியா?"

"அண்ணன்ர கொட்டிலுக்க அரைப் பை கிடக்கு அக்கா."

"அப்ப என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? அது இறுக நாள் எடுக்குமெல்லோ?"

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மண்வெட்டி, சீமெந்து, ஒரு வாளி தண்ணீர், கல் எல்லாவற்றையும் கடையின் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மச்சாளை எழுப்பவில்லை. எழும்பி வந்து பார்த்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். மரச் சிலுவையைப் பத்திரமாகப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலைமாட்டில் வெட்டத் தொடங்கினேன். மண் கறுத்து மெத்தென்று இருந்தது. முதுகு விண்ணென்று இழுத்தது. ஒரு முழம் வெட்டியிருப்பேன், சைக்கிள் ஒன்று மதிலில் சாத்தும் சத்தம் கேட்டது.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண். தபால்காரி என்று நினைத்தேன். கிட்ட வந்தபோது கழுத்தில் வெள்ளைப் பட்டி தெரிந்தது. அவர்தான் ஹெலன்.

அவர் ஏசவில்லை. குந்தியிருந்து கல்லின் எழுத்துகளை விரலால் தடவினார்.

"இது உங்கள் மொழியா?"

"தமிழ்."

"அவருடைய முழுப் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிழைத்தது. மறுபடியும் கேட்டார், மறுபடியும் பிழைத்தது. மூன்றாம் தடவை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. பிறகுதான் விசயத்தைச் சொன்னார். மெருகேற்றிய கறுப்புக் கல் அந்த வளவுக்குள் வரக் கூடாது. படம் கூடாது. கோயில் எந்த நிறக் கல்லால் கட்டியதோ அந்த நிறத்துக்கு ஒத்த, மினுங்காத கல்தான் வைக்கலாம். தமிழ் எழுத்துக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதற்கு அவர் உதவுவார், ஆனால் நாள் எடுக்கும். முடிவு அவர் கையில் இல்லை, மேலே இருப்பவர்கள் கையில்.

"என் அம்மா இதே வளவில்தான். நான் விரும்பிய கல்லை எனக்கே வைக்க முடியவில்லை" என்றார். பிறகு, "அடக்கத்துக்கு முன்னாலேயே இதையெல்லாம் றீற்றாவிடம் சொன்னேன். சரி என்றாரே" என்றார்.

எனக்குக் காது சூடாகியது. மண்ணைத் திரும்பத் தள்ளினேன். ஹெலனும் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார். புல் துண்டுகளைப் பொறுக்கி மேலே அடுக்கினார். சிலுவையை நான் நிமிர்த்தி நட்டேன்.

கடைக்குத் திரும்பியபோது மச்சாள் வாசலில் நின்றார். கைவண்டியைப் பார்த்தார்.

"வெட்டிப்போட்டியளோ?"

"கொஞ்சம்தான். மூடிப்போட்டன்."

அன்று காலை கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் விசயம் தெரிந்திருந்தது. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பால் வாங்கினார்கள், மழை வருமென்றார்கள், போனார்கள். நான் பின்பக்கத்தில் பெட்டிகளை அடுக்குவது போல நின்றுகொண்டேன்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மச்சாள் குசினிக்கு வந்தார். "இஞ்ச ஏசினால் பிரச்சினை இல்லைத் தம்பி. ஏசாமப் பாலை வாங்கிக்கொண்டு போனால்தான் பயம்" என்றார். "நீங்கள் கிழமை முடியப் பிளேன் ஏறிடுவியள். இவையோட நான் இருக்க வேணும்."

"எனக்குத் தெரியாது மச்சாள். நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"எப்பிடிச் சொல்ல? அக்கா அங்க கல்லுக்குச் சொல்லி, படத்துக்குச் சொல்லி, ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொல்லுறா. அவ தூக்கி வளத்தவ. நான் பிறகு வந்தவள்." சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "பக்கத்து ரவுனில ஒரு சேமக்காலை இருக்கு. அங்க கறுப்புக் கல்லும் வைக்கலாம், படமும் வைக்கலாம், லைற்றும் போடலாம். ஆனால் பெரிய றோட்டுக் கரை. பஸ் ரெண்டு மாறிப் போக வேணும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. உங்கட அண்ணருக்கும் ஓடத் தெரியாது. இஞ்ச எண்டால் கடையைச் சாத்திப்போட்டு ஒரு நடை. தினமும் போறன். அக்காவுக்கு அவர்ர முகம் வேணும் தம்பி. எனக்கு நடந்து போற தூரம் வேணும்."

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். "குழியை ஆழமா வெட்டச் சொன்னனான். நான் செத்தால் அவருக்கு மேல எனக்கு இடம்."

அன்று இரவு அக்காவிடம் கல்லுக்கு அனுமதி இல்லை என்று மட்டும் சொன்னேன். குழி ஆழமாக வெட்டியதைச் சொல்ல வாய் வரவில்லை.

"உன்னை அனுப்பினதுதான் பிழை" என்றார். "வாய்க்குள்ள என்ன வைச்சிருக்கிறாய்? அவை சொன்னா நீ மண்ணை மூடிப்போட்டு வந்திடுறதோ? வேற சேமக்காலை இல்லையோ அந்த நாட்டில?"

"ரவுனில இருக்காம்."

"அப்ப அங்க மாத்தலாமோ எண்டு கேள்."

"கிடக்கிறவரைத் தோண்டுறதோ அக்கா?"

"இஞ்ச தோண்டி மாத்தினவை இருக்கினம், எனக்குத் தெரியும். அந்தச் சுவாமி அம்மாவிட்டக் கேள். நான் அவன்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் கண் மூடுவன், செபா. கேப்பியோ?"

"ஓம்" என்றேன். அக்காவிடம் என்றைக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான்காம் நாள் கேட்கலாம் என்று இருந்தேன். ஆனால் இரவு தொடங்கிய மழை விடவில்லை. காலையில் ஆறு வேறு ஆறாக இருந்தது. போகிறதா நிற்கிறதா என்று தெரியாத அந்தத் தண்ணீர் மரக் கொப்புகளைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரைப் புல்வெளி முழுவதும் குளம், வேலியின் தலைகள் மட்டும் தெரிந்தன. தெருவின் கடைசி வீடுகளுக்கு மண் மூட்டை அடுக்க ஊர் கூடியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு வரிசை தானாக உண்டானது. நானும் போய் வரிசையில் நின்றேன். பக்கத்தில் கொலின். அவர் தந்த மூட்டையை நான் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் அப்படியே போனது.

"முதுகு?" என்று கேட்டார். நான் இழுத்து இழுத்து நிமிர்வதைப் பார்த்திருக்க வேண்டும்.

"பரவாயில்லை."

இன்னும் சில மூட்டைகள் போன பிறகு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்றைக்கும் மழை. பெட்டியை நாங்கள் ஆறு பேர் சுமந்தோம். நான் முன்பக்கம், இடது தோள். வழுக்கிவிடக் கூடாது என்பதுதான் என் நினைப்பெல்லாம்."

அக்கா பார்த்து அழுத முதுகு அவருடையதாக இருக்கலாம். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "நன்றி" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

தண்ணீர் கோயில் மதிலின் அடிவரைக்கும் வந்து நின்றுகொண்டது. கல்லறைகளுக்குள் வராதா என்று கேட்டேன். "கோயிலைக் கட்டியவர்களுக்கு ஆற்றைத் தெரியும்" என்றார் கொலின். பின்னேரம் ஹெலன் எல்லோருக்கும் சூப் கொண்டுவந்து தந்தார். கோப்பையை வாங்கும்போது அவர் தனியாகத்தான் நின்றார். கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூப் ஆறியது. அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். இந்த முறை கூச்சத்தால் கேட்காமல் விடவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ஆத்துமாக்கள் திருநாள். மழை விட்டிருந்தது. இங்கே காலை என்றால் சிட்னியில் இரவு தொடங்கும் நேரம். மச்சாள் கடைக் கதவில் 'ஒரு மணி நேரத்தில் வருவேன்' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். கண்ணாடிக் குவளையில் வைத்த மெழுகுதிரிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். குனிந்து மூன்று திரி கொளுத்தினோம். ஒன்று காற்றில் அணைந்தது, திரும்பக் கொளுத்தினோம். செபம் சொன்னோம். பிறகு நான் அக்காவுக்கு வீடியோவில் போன் எடுத்தேன்.

பிளாக்டவுன் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். செபக் கூட்டத்துப் பெண்கள், தலையில் முக்காடு. அக்கா நடுவில் கதிரையில் இருந்தார், மிஷின் ஊசி போட்ட கையில் கட்டோடு.

"காட்டு" என்றார்.

காட்டினேன். புல், மரச் சிலுவை, திரி.

"கல் எங்க?"

"வைக்கேல்ல அக்கா."

"மாத்திறதைக் கேட்டியோ?"

"கேக்கேல்ல."

"ஏன் கேக்கேல்ல?"

"கேக்க மாட்டன்."

அங்கே பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். அக்கா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "என்னடா சொல்லுறாய்?"

"குழி ஆழமா வெட்டியிருக்கு அக்கா. மேல மச்சாளுக்கு. அவ தினமும் கடை பூட்டினாப் பிறகு இஞ்ச நடந்து வாறவ. அண்ணனை ரவுனுக்குக் கொண்டு போனால் அவவால வர ஏலாது. நான் கேக்க மாட்டன்."

அக்காவிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"றீற்றா நிக்கிறாளோ?"

போனை மச்சாளிடம் கொடுத்தேன். அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. எல்லாம் போனில் குரல் மட்டும்தான்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்ல?"

"பயத்தில அக்கா."

"என்னைக் கண்டு என்னடி பயம்? நான் மிஷின்ல கிடக்கிறவள்." அக்கா கண்ணைத் துடைத்தார். "அந்தக் கல்லை என்ன செய்யப் போறாய்?"

"குசினியில வைக்கவோ? யன்னலடியில. காலமை தேத்தண்ணி ஊத்தேக்க பாப்பன்."

"வை." மூக்கை உறிஞ்சினார். "ஞாயிறு ஞாயிறா எனக்கும் காட்ட வேணும். மறந்துபோனன் எண்டு சொல்லக் கூடாது."

"காட்டுறன் அக்கா."

நான் முழந்தாளிட்டு, திரி அணையாமல் கையால் காற்றை மறித்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்தில ஆர் கிடக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

மச்சாள் போனைப் பக்கத்துக் கல்லுக்குத் திருப்பினார். "இது டொறத்தி, அக்கா. பல் இல்லாத மனுசி. அவவுக்கெண்டு இவர் மெத்தெண்ட பாணாப் பாத்து எடுத்து வைக்கிறவர். வேற ஆரும் கேட்டாக் குடுக்க மாட்டார்."

"அங்கால?"

மச்சாள் நாலு அடி நடந்தார். "இது பேர்சி. ஒரு பேப்பர் வாங்க வந்தால் ஒரு மணித்தியாலம் நிப்பார். கிரிக்கெட் நடந்தால் இவரோட ஒரே சண்டை. சிறிலங்கா வெண்ட அண்டைக்கு ரெண்டு நாள் கடைப் பக்கமே வரேல்ல."

"பாக்கியத்தோடயோ சண்டை?"

"வேற ஆரோட?"

அக்காவின் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் ஈரப் புல்லுக்கு மேலாக வந்தது. "அதுக்கங்கால ஆர்? வடிவாக் காட்டு, வெளிச்சம் காணாது."

"இந்த மனுசிக்கு நடக்க ஏலாது. பாலும் மருந்தும் இவர்தான் வீட்டை கொண்டுபோய்க் குடுக்கிறவர். கடைசி வரைக்கும்."

அக்கா தன் பின்னால் நின்ற பெண்களைக் கூப்பிடுவது கேட்டது. கதிரைகள் இழுபட்டன.

"இஞ்ச வந்து பாருங்கோ" என்றார். "எல்லாம் தம்பியின்ர கடைக்கு வாறவை."

மச்சாள் அடுத்த கல்லுக்கு நடந்தார்.